பல தடவை நிரப்பிய தரவு: பகுப்பாய்வில் மென்பொருள் முரண்டு பிடிக்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுபட்ட மதிப்புகளை ஒரே தடவை நிரப்பாமல் பல தடவை நிரப்பி, ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, கடைசியில் விடைகளை ஒன்றுசேர்ப்பதுதான் மல்டிபிள் இம்ப்யூட்டேஷன். நிரப்புவது பெரும்பாலும் சுலபமாக முடிந்துவிடும். தலைவலி அதற்கு அப்புறம்தான். சென்னையில் மருத்துவ முதுநிலை ஆய்வேடு, பொதுச் சுகாதாரக் கணக்கெடுப்பு என்று வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே கற்பனைக் கோப்பை எடுத்துக்கொள்வோம். மாநகராட்சி எல்லைக்குள் 600 பேர். வயது, பால், உயரம், எடை, பி.எம்.ஐ. (உடல் நிறைக் குறியீடு), மேல் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், மாத வருமானம், வார்டு. இதில் 180 பேருடைய வரியில் ஒரு கட்டமாவது காலி. எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டேட்டா, ஆர் மூன்றும் புள்ளியியல் மென்பொருள்கள்; மைஸ் என்பது ஆருக்குள் நிரப்பும் வேலையைச் செய்யும் தொகுப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது வழக்கமான எழுத்திலேயே செய்யுங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் ஐந்து பிரதிக்கும் ஐந்து அட்டவணை வருகிறது. "பூல்டு" (ஒன்றுசேர்த்த விடை) என்ற வரிசை மட்டும் வரவே இல்லை. ஏன்?

ஸ்ப்ளிட் ஃபைல் (கோப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஓட்டும் வசதி) அணைந்திருக்கும், அல்லது வேறு மாறியின் மேல் இருக்கும். டேட்டா மெனுவில் ஸ்ப்ளிட் ஃபைல் போய், "கம்பேர் குரூப்ஸ்" தேர்ந்தெடுத்து, "இம்ப்யூட்டேஷன்" என்று தொடங்கி அடிக்கோட்டில் முடியும் மாறியைப் போடுங்கள். அந்த மாறியின் பெயரை மாற்றியிருந்தால் மென்பொருளுக்கு இது நிரப்பிய கோப்பு என்றே தெரியாது. அதில் 0 என்பது மூலத் தரவு, 1 முதல் நிரப்பிய பிரதிகள்.

அப்படியும் வரவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் பக்கத்தைத் திறந்து, பூல் செய்த முடிவு காட்டும்படி அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: எல்லாப் பகுப்பாய்வுக்கும் பூல் செய்யும் வசதி கிடையாது. மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் சுருள் மாதிரி ஒரு சின்னம் இருந்தால்தான் உண்டு. அனோவா (குழுச் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) அட்டவணையின் எஃப் மதிப்புக்காகக் காத்திருந்து பயனில்லை.

ஐந்து பிரதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, 3000 வரியாக ரிக்ரெஷன் (ஒரு மாறி மற்றவற்றோடு சேர்ந்து எப்படி மாறுகிறது என்ற கணக்கு) ஓட்டினேன். பி மதிப்பெல்லாம் பிரமாதமாக இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 600 பேரை 3000 பேர் என்று மென்பொருளை நம்பவைத்திருக்கிறீர்கள். எண்களைப் போட்டே பார்ப்போம்.

வயது பத்து ஆண்டு கூடினால் ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு ஐந்து பிரதிகளில் கிடைத்த குணகங்கள் 4.1, 4.6, 3.8, 4.9, 4.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் திட்டப் பிழையும் (விடை எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு) 0.9. குணகங்களின் சராசரி 4.3, இதுதான் பூல் செய்த விடை. அடுத்து வேரியன்ஸ் (சிதறலின் அளவு). பிரதிக்குள் இருப்பது 0.9-இன் வர்க்கம், 0.81. பிரதிகளுக்கு இடையே இருப்பது: சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.78, அதை 4-ஆல் வகுத்தால் 0.195. டொனால்ட் ரூபின் 1987-இல் வகுத்த விதிப்படி மொத்தம் = 0.81 + (1 + 1/5) × 0.195 = 1.044. இதன் வர்க்கமூலம் 1.02. அதுதான் உங்கள் உண்மையான திட்டப் பிழை.

அடுக்கி ஓட்டியபோது வந்தது ஏறக்குறைய 0.9-ஐ 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்த 0.40. பாதிக்கும் குறைவு. பி மதிப்பு பிரமாதமாகத் தெரிந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

ஸ்டேட்டாவில் இந்தத் தவறு தெரியாமலே நடக்கும். கோப்பு ஃப்ளாங் வடிவில் (மூலமும் பிரதிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியபடி) இருக்கும்போது "எம்ஐ எஸ்டிமேட்" முன்னொட்டை மறந்து வெறும் "ரிக்ரெஸ்" அடித்தால், மூலமும் பிரதிகளும் சேர்ந்தே ஓடும். விடையின் மேலே உள்ள ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். 600-க்கு மேல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஐந்து பிரதிகளின் கட்டங்களைச் சராசரி எடுத்து ஒரே கோப்பாக்குவதும் தவறுதான். அதில் 0.195 என்ற இடைவேறுபாடு முழுக்கத் துடைத்தெறியப்படுகிறது.

ஆர் மென்பொருளில் மைஸ் வைத்து நிரப்பி, வித், பூல் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் விடை, காலி வரிகளை ஒதுக்கிவிட்டுப் போட்ட பழைய விடையோடு கடைசித் தசமம் வரை ஒத்துப்போகிறது!

ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? "வித்" கட்டளைக்குள் இருக்கும் "எல்எம்" (ரிக்ரெஷன் கட்டளை) அடைப்பில் பழைய பழக்கத்தில் "டேட்டா =" என்று மூலக் கோப்பின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். அல்லது ஃபார்முலாவில் கோப்புப் பெயர், டாலர் குறி, மாறிப் பெயர் என்று எழுதியிருப்பீர்கள். எப்படியானாலும் எல்லாப் பிரதிக்கும் அதே மூலத் தரவுதான் ஓடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம். பூல் விடையில் லாம்டா (மொத்த வேரியன்ஸில் பிரதிகளுக்கு இடையிலான வேறுபாட்டின் பங்கு) என்ற பத்தியைப் பாருங்கள். எல்லா வரியிலும் சுத்தமாக 0 என்றால் இதுதான் கோளாறு. மேலே நாம் போட்ட கணக்கில் லாம்டா 0.234-ஐ 1.044-ஆல் வகுத்த 0.22, 180 பேருக்குத் தரவு இல்லாத கோப்பில் இது மாதிரி ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். டேட்டா என்ற பகுதியையே எடுத்துவிட்டு வெறும் மாறிப் பெயர்களைக் கொடுங்கள்.

ஸ்டேட்டாவில் "எஸ்டிமேஷன் சாம்பிள் வேரீஸ்" என்று 459 எண்ணுள்ள பிழை. "ஈசாம்ப்வேரிஓகே" (இந்தப் பிழையை அடக்கும் விருப்பம்) போட்டால் ஓடிவிடுகிறது. போடலாம்தானே?

முதலில் காரணத்தைப் பாருங்கள், பிறகு வாயை அடைக்கலாம். பிரதி 1-இல் கணக்கில் சேர்ந்த ஆட்கள் வேறு, பிரதி 2-இல் சேர்ந்தவர்கள் வேறு என்று அது சொல்கிறது. பெரும்பாலும் நிரப்பிய மாறி ஒன்றின் மேல் "இஃப்" வைத்திருப்பீர்கள். உதாரணமாக பி.எம்.ஐ. 25-க்கு மேல் உள்ளவர்களை மட்டும் எடுப்பது. எடை தெரியாத ஒருவர் ஒரு பிரதியில் 24.6, இன்னொன்றில் 25.3 என்று வந்தால் ஒன்றில் வெளியே, ஒன்றில் உள்ளே. இந்தச் சூழலில் மாதிரி மாறுவது இயல்பு. தெரிந்தே அந்த விருப்பத்தைப் போடலாம், ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

ஆனால் "இஃப்" எதுவுமே வைக்காதபோது இந்தப் பிழை வந்தால் அடக்கவே கூடாது. எங்கோ ஒரு பிரதியில் காலிக் கட்டம் மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் நிரப்பிய பிறகு "ஜெனரேட்" போட்டு உருவாக்கிய மாறிதான் குற்றவாளி. பூஜ்ய வருமானத்துக்கு லாக் எடுத்தால் காலி. எதிர்ம எண்ணுக்கு எடுத்தாலும் காலி. "எம்ஐ எக்ஸ்ஈக்யூ 1 2" முன்னொட்டோடு அதே ரிக்ரெஷனை ஓட்டி இரண்டு ஆள் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். பிறகு "எம்ஐ எக்ஸ்ட்ராக்ட் 1" கொடுத்து அந்தப் பிரதியைச் சாதாரணக் கோப்பாக எடுத்து, காலி எங்கே என்று தேடுங்கள். புது மாறிகளை "எம்ஐ பாஸிவ்" வழியாக உருவாக்கினால் பாதித் தொல்லை வராது.

"ஆமிட்டட் டெர்ம்ஸ் வேரி" என்ற பிழை இதன் தம்பி. ஒரு பிரதியில் ஏதோ ஒரு வகையில் ஆளே இல்லாமல் போய் அந்த வரி விழுந்திருக்கிறது. சிறிய வகைகளைச் சேர்த்து ஒன்றாக்குங்கள்.

நிரப்பி முடித்த பிறகும் காலிக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

மென்பொருளுக்கு மென்பொருள் காரணம் வேறு.

ஸ்டேட்டாவில் வெறும் புள்ளி மட்டும்தான் நிரப்பப்படும். புள்ளி ஏ, புள்ளி பி என்று குறித்தவற்றை அது "வேண்டுமென்றே காலி" என்று எடுத்துக்கொண்டு தொடாது. "பதில் சொல்ல மறுத்தார்" என்பதற்கு புள்ளி ஏ கொடுத்துவிட்டு, வருமானம் நிரம்பவில்லையே என்று கேட்பவர்கள் நிறைய. நிரப்ப வேண்டியதையெல்லாம் முதலில் வெறும் புள்ளியாக மாற்றுங்கள்.

மைஸில் எழுத்து வடிவில் உள்ள பத்தி நிரப்பப்படாது. ஃபேக்டராக (வகை மாறியாக) மாற்ற வேண்டும். எக்ஸெல் கட்டத்தில் ஒரே ஒரு இடைவெளி தட்டியிருந்தாலும் போதும், எடை என்ற எண் பத்தி முழுக்க எழுத்தாகிவிடும். அதே மாதிரி, உதவிக்கு நிற்கும் மாறி ஒன்றில் காலி இருந்து அது நிரப்பும் பட்டியலில் இல்லாவிட்டால் அந்த ஆட்களுக்கு மட்டும் காலி மிஞ்சும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. களத்தில் காலிக்கு 99, 999 என்று எழுதும் வழக்கம். அதை மாற்றாமல் ஓட்டினால் காலியே இல்லை என்று மென்பொருள் மகிழ்ச்சியாக ஓடும், 999 கிலோ எடையோடு. நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு பத்தியின் குறைந்ததையும் அதிகத்தையும் பார்த்துவிடுவது இரண்டு நிமிட வேலை.

மைஸ் "லாக்டு ஈவென்ட்ஸ்" (குறித்துவைத்த சிக்கல்கள்) என்று எச்சரிக்கிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

மைஸ் விடையைச் சேமித்த பொருளின் பெயருக்குப் பின் டாலர் குறி, "லாக்டுஈவென்ட்ஸ்" என்று கேட்டால் அட்டவணையாகவே கொடுக்கும். "கான்ஸ்டன்ட்" என்றால் அந்தப் பத்தியில் ஒரே மதிப்புதான் இருக்கிறது, அல்லது அது எழுத்துப் பத்தி. "கொலீனியர்" என்றால் இரண்டு பத்திகள் கிட்டத்தட்ட ஒன்றே, ஆகவே ஒன்றைத் தூக்கிவிட்டது. தூக்கியது நீங்கள் பகுப்பாய்வில் பயன்படுத்தப்போகும் மாறி என்றால் மட்டும் கவலைப்படுங்கள். வயதும் பிறந்த ஆண்டும் சேர்ந்து கிடந்தால் ஒன்றை நீங்களே எடுத்துவிடுங்கள். வரிசை எண், தொலைபேசி எண் போன்ற பத்திகளையும் உள்ளே விடாதீர்கள்.

பி.எம்.ஐ. மட்டும் கோணலாக வருகிறது. 160 செ.மீ. உயரம், 64 கிலோ எடை, ஆனால் பி.எம்.ஐ. 31!

25 என்று வந்திருக்க வேண்டும். மூன்றையும் தனித்தனி மாறியாக நினைத்து நிரப்பியதால் வந்த வினை. மைஸில் பி.எம்.ஐ.-க்கான முறையில் எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் வாய்பாட்டையே எழுதலாம். அதோடு வேலை முடியவில்லை. உயரத்தையும் எடையையும் நிரப்பும்போது பி.எம்.ஐ.-யைப் பார்க்கக் கூடாது என்று ப்ரிடிக்டர் மேட்ரிக்ஸில் (எதை வைத்து எதை நிரப்புவது என்ற அட்டவணை) அந்த இரண்டு வரியிலும் 0 போட வேண்டும். இல்லாவிட்டால் எடையிலிருந்து பி.எம்.ஐ., பி.எம்.ஐ.-யிலிருந்து எடை என்று செக்குமாடு மாதிரி சுற்றும். "ப்ளாட்" போட்டுப் பார்த்தால் தெரியும்: ஒழுங்கான மாறிகளின் கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கலந்து போகும், இப்படிச் சுற்றுபவை தனித்தனித் தண்டவாளம் போல நீளும். இயல்பாக உள்ள 5 சுற்று போதாது, 20 வரை ஓட்டிப் பாருங்கள்.

புகைப்பழக்கத்தை நிரப்பும்போது "பெர்ஃபெக்ட் ப்ரிடிக்ஷன்" என்று நின்றுவிடுகிறது.

பெண்கள் பத்தியில் "ஆம்" ஒன்றுகூட இல்லாமல் இருக்கும். நம் ஊர்க் கணக்கெடுப்புகளில் இது அடிக்கடி நடப்பது. பெண் என்றாலே "இல்லை" என்றால் லாஜிஸ்டிக் குணகம் முடிவிலியை நோக்கி ஓடும். ஸ்டேட்டாவில் "ஆக்மென்ட்" விருப்பத்தைச் சேருங்கள். சிறு எடையுள்ள செயற்கை வரிகளைச் சேர்த்து அது தாண்டிவிடும். மைஸின் "லாக்ரெக்" முறை இதைத் தானே செய்துகொள்கிறது.

எஸ்.பி.எஸ்.எஸ்., 100-க்கு மேல் அளவுருக்கள் (கணிக்க வேண்டிய எண்கள்) என்று சொல்லி நிரப்ப மறுக்கிறது. என்னிடம் இருப்பதோ ஒன்பது மாறிதான்.

வார்டு. 2011-இல் விரிவான மாநகராட்சிக்கு 200 வார்டுகள். அதை வகை மாறியாகக் கொடுத்தால் ஒன்றே 199 அளவுரு தின்னும். வரம்பை உயர்த்தும் வழி சின்டாக்ஸில் (கட்டளையாக எழுதும் முறையில்) இருக்கிறது, ஆனால் 600 பேரை வைத்து 199 குணகம் கணிப்பது வீண். வார்டுகளை மண்டலமாகச் சுருக்குங்கள். மண்டலத்திலும் மணலி மாதிரி ஏதாவது ஒன்றில் நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் பக்கத்து மண்டலத்தோடு சேருங்கள்.

மாத வருமானம் எதிர்ம எண்ணாக வருகிறது.

சாதாரண ரிக்ரெஷன் முறை மணிவளைவை நம்புகிறது. வருமானம் அப்படிப் பரவுவதில்லை. பிஎம்எம் (ப்ரிடிக்டிவ் மீன் மேட்சிங்) முறைக்கு மாறுங்கள். அது கண்ணால் கண்ட மதிப்புகளிலிருந்தே ஒன்றை எடுத்து வைக்கும், ஆகவே எதிர்மம் வர வழியில்லை. மைஸ் இயல்பாக 5 கொடையாளர்களிலிருந்து (மதிப்பைக் கடன் தரும் ஒத்த ஆட்கள்) ஒருவரை எடுக்கிறது. ஸ்டேட்டாவின் பழைய பதிப்புகள் தாமாகவே 1 என்று வைத்துக்கொண்டன. அது பிரதிகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கெடுக்கும். 5 அல்லது 10 என்று நீங்களே எழுதுங்கள். குறைந்தபட்சம் 0 என்று எல்லை போட்டு எஸ்.பி.எஸ்.எஸ்.-ஐ ஓட்டினால், எல்லைக்குள் எண் கிடைக்காமல் பாதியில் நின்றுவிடுவதும் உண்டு.

முறையை மாற்றினாலும் தீராத ஒன்று இருக்கிறது. அதிகம் சம்பாதிப்பவர்களே வருமானத்தைச் சொல்ல மறுக்கிறார்கள் என்றால், மென்பொருள் நிரப்புவது எல்லாமே தாழ்வாகத்தான் இருக்கும். நிரப்பிய வருமானங்களை 10 சதவீதம், 20 சதவீதம் உயர்த்தி மறுபடி ஓட்டி, முடிவு மாறுகிறதா என்று பாருங்கள்.

ரத்த அழுத்தம் என் விளைவு மாறி. அதை வைத்தே வயதையும் எடையையும் நிரப்பினால் ஏமாற்று வேலை ஆகாதா?

ஆகாது. சேர்க்காவிட்டால்தான் தப்பு. விளைவைப் பார்க்காமல் நிரப்பிய எடைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடுவே சரியான உறவு இருக்காது; குணகம் பூஜ்யத்தை நோக்கி இழுக்கப்படும். பகுப்பாய்வில் வயதையும் பாலையும் பெருக்கிய மாறி வருமானால் அதற்கும் இதே நியாயம். உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு (ஒரு நிகழ்வு நடக்க எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்ப்பது) என்றால் நிகழ்வு நடந்ததா என்ற மாறியையும் நெல்சன்–ஆலன் திரள் இடரையும் (அந்த நேரம் வரை சேர்ந்த இடரின் மதிப்பீடு) சேர்க்க வேண்டும்.

எத்தனை பிரதி?

முழுமையற்ற வரிகள் எத்தனை சதவீதமோ, குறைந்தது அத்தனை. நம் கோப்பில் 600-க்கு 180, ஆகவே 30. தகவல் இழப்பு 0.3 என்றால் 5 பிரதியிலேயே 94 சதவீதத் திறன் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் திட்டப் பிழையும் பி மதிப்பும் 5 பிரதியில் ஆடிக்கொண்டே இருக்கும். 600 வரிக்கு 30 பிரதி நிரப்ப இன்றைய மடிக்கணினிக்கு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

ஆர் ஸ்கொயர், கை ஸ்கொயர், மீடியன் (நடுமதிப்பு) இவற்றைப் பூல் செய்வது எப்படி?

ரூபின் விதி, ஏறக்குறைய மணிவளைவாகப் பரவும் மதிப்பீட்டுக்கும் அதன் திட்டப் பிழைக்கும் உரியது. ஆட்ஸ் ரேஷியோவை (வாய்ப்பு விகிதத்தை) நேரடியாகச் சராசரி எடுக்காதீர்கள். லாக் எடுத்துப் பூல் செய்து, பிறகு மாற்றுங்கள். ஒட்டுறவுக் கெழுவுக்கு ஃபிஷர் இசட் மாற்றம். ஆர் ஸ்கொயருக்கு மைஸில் அதற்கென்றே ஒரு செயலி உண்டு, எல்எம் விடைக்கு மட்டும். மீடியனுக்குத் திட்டப் பிழை வேண்டுமானால் ஸ்டேட்டாவில் "எம்ஐ எஸ்டிமேட்" முன்னொட்டோடு "க்யூரெக்" (நடுமதிப்புக்கான ரிக்ரெஷன்) ஓட்டலாம்.

பி மதிப்புகளை மட்டும் சராசரி எடுக்கவே எடுக்காதீர்கள். கை ஸ்கொயர் எண்களையும் அப்படித்தான். இரண்டு மாடல்களை ஒப்பிட வேண்டுமானால் மைஸில் டி1 அல்லது டி3 சோதனை, ஸ்டேட்டாவில் "எம்ஐ டெஸ்ட்". அங்கே "எல்ஆர்டெஸ்ட்" (லைக்லிஹுட் விகிதச் சோதனை) ஓடாது. ஒன்றுசேர்த்த விடைக்கு லைக்லிஹுட் என்று ஒன்று இல்லை.

ஒவ்வொரு தடவையும் விடை கொஞ்சம் மாறுகிறது.

சீட் எண் (தற்செயல் எண்கள் தொடங்கும் இடம்) கொடுக்கவில்லை. கொடுத்தும் மாறினால், நிரப்புவதற்கு முன் வரிகளின் வரிசை மாறியிருக்கும். ஆள் எண்படி வரிசைப்படுத்திவிட்டு ஓட்டுங்கள். மென்பொருள் பதிப்பையும் குறித்துவைக்கவும். நிரப்பிய கோப்பை உடனே சேமித்துவிடுவது இன்னும் நல்லது. சீட்டை மாற்றினால் முடிவே தலைகீழாகிறது என்றால் பிரதி போதாது.

ஆரில் நிரப்பியதை ஸ்டேட்டாவுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஏற்க மறுக்கிறது. மண்டலப் பெயர்களும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

"கம்ப்ளீட்" கட்டளையில் "லாங்" கேட்கும்போது "இன்க்ளூட்" என்பதற்கு ட்ரூ கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் 0 என்ற மூலத் தரவு போகாது; அது இல்லாமல் ஸ்டேட்டாவின் "எம்ஐ இம்போர்ட் ஃப்ளாங்" எதை நிரப்பியது என்று கண்டுபிடிக்க முடியாது. பிரதி எண், ஆள் எண் இரண்டு பத்திகளின் பெயரும் புள்ளியில் தொடங்கும். ஸ்டேட்டாவில் அப்படிப் பெயர் வைக்க முடியாது என்பதால் அனுப்புமுன் மாற்றுங்கள். இம்போர்ட் ஆனதும் எந்தெந்த மாறி நிரப்பியவை என்று பதிவுசெய்து, ஆரில் கிடைத்த ஒரு குணகத்தையாவது இங்கேயும் ஓட்டிச் சரிபாருங்கள்.

தண்டையார்பேட்டை போன்ற மண்டலப் பெயர்கள் கட்டங்களாகத் தெரிவது எழுத்துக் குறியீட்டுச் சிக்கல். ஸ்டேட்டா 14-வது பதிப்பிலிருந்துதான் யூனிகோடு படிக்கும். விண்டோஸில் ஆர் 4.2-இலிருந்து யுடிஎஃப்-8 இயல்பாக வருகிறது. பழைய பதிப்பு ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தால், மண்டலத்துக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து அனுப்பி, அங்கே போய்ப் பெயர் ஒட்டுங்கள்.